வெள்ளை எங்க முடியுது?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எழுதினா நான் பண்ண முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுதணும். அதனாலதான் இவ்வளவு தாமதம். சரி, இன்னிக்கு எழுதிடறேன், திட்டறவங்க திட்டிக்குங்க.

2023 ஜூலை. பெங்களூர்ல இருந்து சனி ஞாயிறு லீவுக்கு நாகர்கோவில் போயிருந்தேன். ஊர்ல நாலு நாளா காத்தும் மழையுமா கெடந்தது. எங்க ஊர்ப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது தென்னமரம் எல்லாம் ஒரே பக்கமா தலைய விரிச்சுப் போட்டு ஆடும். சனிக்கிழமை காலையில வழக்கமா மீன் கொண்டு வர்ற அக்கா வாசல்ல கூடைய எறக்கி வெச்சுட்டு, அம்மாகிட்ட சாளைக்கு விலை பேசறதுக்கு நடுவுல என்னைப் பார்த்து சொன்னாங்க.

"மக்கா, நீ பறவ படம் புடிக்க பய தான? மணக்குடி கடப்புறத்துல ஒரு கடக்காக்கா கெடக்கு பாத்துக்க. பறக்கவும் மாட்டேங்கி, ஓடவும் மாட்டேங்கி."

சாளை சாம்பார்ல விழுந்தாலும் பரவாயில்லன்னு பைக்கை எடுத்துட்டு ஓடினேன். (எங்க வீட்டுல மீனும் சாம்பாரும் ஒரே நாள்ல கெடையாது, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

மணல்ல நாலஞ்சு சின்னப் பசங்க சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல அது. புறாவைவிட நீளம், ஆனா புறாவோட தடிமன் இல்ல. மேல பூரா கருப்பு, அடியில வெள்ளை, நெத்தியில ஒரு வெள்ளைத் திட்டு. கறுத்த, கூர்மையான மூக்கு. வால் கத்தரிக்கோல் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருந்தது. சின்னக் கால், விரல்களுக்கு நடுவுல சவ்வு. ரெண்டு இறக்கையையும் பாதி விரிச்சு மணல்ல ஊன்றிக்கிட்டு, மழையைப் பார்த்து கண்ணை மூடி மூடித் திறந்துக்கிட்டு இருந்தது. கிட்டப் போனதும் ஒரே ஒரு தடவை கத்துச்சு. துண்டைப் போட்டுப் பிடிச்சப்ப எதிர்ப்பே இல்ல. அதுவே கெட்ட அறிகுறின்னு எனக்கு அப்போ தெரியாது.

ஆலான்னு மட்டும் தெரிஞ்சது. எந்த ஆலா? இங்கதான் நம்ம அறிவாளித்தனம் ஆரம்பிக்குது.

நம்ம கடல்ல வெள்ளை நெத்தியோட, முதுகு இருட்டா இருக்கற ஆலா முக்கியமா ரெண்டு. ஒண்ணு பிரைடில்டு டெர்ன். இன்னொண்ணு சூட்டி டெர்ன். பிரைடில்னா குதிரைக்குப் போடற கடிவாளம். கண்ணு வழியா ஓடற கருப்புக் கோட்டைப் பார்த்து வெச்ச பேரு. சூட்டின்னா புகைக்கரி பிடிச்சது. பிரைடில்டு மகாராஷ்டிரா கரைக்குப் பக்கத்துல வெங்குர்லா பாறைகள்லயே கூடு கட்டுது. மேற்குக் கரையில மழைக்காலத்துல ஒதுங்கறதும் அதுதான் அதிகம்னு எங்கேயோ படிச்சு மண்டையில ஏத்தி வெச்சிருந்தேன். கையில இருந்த பறவையோட முதுகும் சுத்தக் கருப்பா இல்லாம, கொஞ்சம் செம்பட்டை ஓடின பழுப்பா இருந்தது. புத்தகத்துல பிரைடில்டுக்கு முதுகு பழுப்புச் சாம்பல்னு போட்டிருக்கும். ஆக பிரைடில்டு. ரெண்டு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லியாச்சு. பறவை பார்க்கறவங்க வாட்சாப் குழுவுல நாலு போட்டோ போட்டு "பிரைடில்டு டெர்ன், மணக்குடி, இன்று காலை"ன்னு எழுதிட்டு, பிஸ்கட் அட்டைப்பெட்டியில வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இப்போ முட்டாள்தனத்துக்கு வர்றேன்.

கடல் பறவை, கரையில கெடந்து காஞ்சு போச்சு, உடம்பெல்லாம் மணல். தண்ணியில விட்டா தெம்பு வரும், இது என் தர்க்கம். பெரிய நீலக்கலர் பிளாஸ்டிக் டப்ல தண்ணி ரொப்பி, கைப்பிடி உப்பு வேற போட்டேன், கடல் மாதிரி இருக்கட்டும்னு. அம்மா அடுக்களையில இருந்து எட்டிப் பார்த்தாங்க.

"லேய், அதத் தண்ணியில போடாத. நடுங்குது பாரு."

"கடல் பறவைம்மா. தண்ணிதான் அதுக்கு வீடு."

வாத்து மாதிரி மிதக்கும்னு எதிர்பார்த்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இறகெல்லாம் தண்ணியை உறிஞ்சி முதுகு வரைக்கும் அமுங்க ஆரம்பிச்சது. இறக்கையை விரிச்சு விளிம்பைத் தொட முயற்சி பண்ணுச்சு. பதறிப் போய் எடுத்தா, ஈரத் துணியை எடுத்த மாதிரி கனம். அம்மா ஒண்ணும் சொல்லல. பழைய வேட்டியைக் கிழிச்சுக் கொடுத்தாங்க. ஒண்ணும் சொல்லாததுதான் ரொம்ப வலிச்சது.

மத்தியானம் குழுவுல இருக்கற பெரியவர் ஒருத்தர் பதில் போட்டார். முப்பது வருஷமா பறவை பார்க்கறவர், வளவளன்னு எழுத மாட்டார். ஒரே வரி: "தம்பி, நெத்தி வெள்ளை எங்க முடியுது?"

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பிரைடில்டுக்கு நெத்தியில இருக்கற வெள்ளை ஒல்லியான புருவம் மாதிரி கண்ணைத் தாண்டிப் பின்னாடி போகும். சூட்டிக்கு அது அகலமான திட்டு, கண்ணு வந்ததும் நின்னுடும். என் பறவைக்கு நின்னிருந்தது. சந்தேகமே இல்லாம நின்னிருந்தது. பிரைடில்டுக்குத் தலைக் கருப்புக்கும் முதுகுக்கும் நடுவுல பிடரியில வெளிறின பட்டை ஒண்ணு தெரியும். இதுக்குத் தலை, பிடரி, முதுகு எல்லாம் ஒரே துணியில வெட்டின மாதிரி. அப்போ அந்தப் பழுப்பு? "இறகு பழசானா, வெயில் பட்டா கருப்பு பழுப்பாத்தான் ஆகும். நிறத்தை நம்பாதே, வடிவத்தை நம்பு"ன்னு அடுத்த வரி போட்டார். நாலு வருஷம் வேட்டியில இருந்த கருப்புக் கரை எப்படி ஆகும்னு எங்க அப்பாவோட வேட்டியைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும்.

"சார், தண்ணியில விட்டேன், ஊறிப் போச்சு"ன்னு எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல. அப்புறம், "சூட்டி தண்ணியில உட்காராதுப்பா"ன்னு மட்டும் வந்தது.

அன்னிக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க, அட்டைப்பெட்டிக்குள்ள அறுபது வாட்ஸ் பல்பு வெளிச்சத்துல உட்கார்ந்திருக்கற இது சாதாரண ஆசாமி இல்லன்னு புரிய ஆரம்பிச்சது.

சூட்டி டெர்ன் வெப்பமண்டலக் கடல் பூரா இருக்கற பறவை. அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூணுலயும். எண்ணிக்கையில கோடிக்கணக்குல இருக்கு. அப்படியும் நாம பார்க்கறதில்ல, ஏன்னா கரைக்கு வர்றதே இல்ல. தீவுல பொறந்து, ரெண்டு மாசத்துல பறக்கக் கத்துக்கிட்டு ஒரு நாள் கெளம்பினா, திரும்பக் கரையில கால் வைக்க வருஷக்கணக்கு ஆகும். முதல் முட்டை பெரும்பாலும் ஆறு வயசுக்கு மேலதான். நடுவுல இருக்கற வருஷமெல்லாம் ஆகாசம்தான். தண்ணியிலயும் உட்கார முடியாது, இறகு ஊறிடும். (ஆமா, அதை நான் சோதனை பண்ணி நிரூபிச்சுட்டேன்.) சீஷெல்ஸ்ல பேர்ட் தீவுங்கற எடத்துல கூடு கட்டற சூட்டிகளோட கால்ல குட்டிக் கருவி மாட்டிப் பார்த்திருக்காங்க. கூடு கட்டாத மாசங்கள்ல அதுங்க தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருந்த நேரம் நாலு சதவீதத்துக்கும் கம்மி. மீதி நேரம் பூரா பறத்தல்.

அப்போ எப்போ தூங்கும்? இதே மாதிரி தண்ணியில உட்கார முடியாத இன்னொரு பறவை ஃபிரிகேட். காலாபகஸ் தீவுல அதோட மண்டையில மூளை அலை பதிவு பண்ற கருவி வெச்சு 2016-ல வெளியிட்டாங்க. பறந்துக்கிட்டே தூங்குது, சில சமயம் மூளையில ஒரு பாதி மட்டும். மொத்தத்துல ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்கூட இல்ல. ரிலீஸ் வாரத்துல நம்ம டீம் தூங்கற நேரத்தைவிடக் கம்மி :-)

சாப்பாடு? இங்கதான் மீன்கார அக்காவோட வீட்டுக்காரர் புத்தகத்தை ஜெயிச்சுட்டார். சாயங்காலம் பறவையைப் பார்க்க வந்தவர், பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, "இதா? இது கூட்டமா சுத்துனா கீழ சூரை நிக்கும். இதப் பாத்துத்தான் போட்ட விடுவோம்"னார். அப்படியே விஞ்ஞானம். சூரை மாதிரி வேட்டை மீன் கூட்டம் கீழேயிருந்து பொடி மீனையும் கணவாயையும் மேல விரட்டும். தண்ணிக்கு மேல துள்ளறதை ஆலா பறந்துக்கிட்டே கொத்தும். முங்காது, நீந்தாது. கீழ சூரை இல்லன்னா மேல ஆலாவுக்குச் சோறு இல்ல. சூரையை அளவுக்கு மீறிப் பிடிச்சா இந்தப் பறவைக்கும் ஆபத்துன்னு சொல்றது இதனாலதான். பருவக்காத்து மாசத்துல கடல் கொந்தளிச்சு, மீன் மேல வர்றதும் தெரியாம, காத்தை எதிர்த்துப் பறந்து பறந்து உடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் கரைஞ்ச பிறகுதான் கரைக்குத் தள்ளப்படும். ஆக, மணல்ல கெடந்த பறவை அடிபட்ட பறவை இல்ல. பல நாள் பட்டினி கெடந்த பறவை.

அசென்ஷன் தீவுக் கதையைச் சொல்லாம விட முடியாது. தென் அட்லாண்டிக் நடுவுல ஒரு எரிமலைத் தீவு. அங்க இதுக்குப் பேரு "வைட்அவேக்". அது கத்தறது அப்படிக் கேக்குமாம், ராப்பகலா கத்துமாம். ரெண்டாம் உலகப்போர்ல, 1942-ல, அமெரிக்க ராணுவம் அங்க விமான ஓடுதளம் போட்டாங்க. ஓடுதளத்தோட நுனியில ஆலாக் காலனி. விமானம் கெளம்பும்போதெல்லாம் கூட்டமா எழும்பி மோதற அபாயம். நியூயார்க் அருங்காட்சியகத்துல இருந்து ஜேம்ஸ் சேப்பின்னு ஒரு பறவை நிபுணரை வரவழைச்சாங்க. முட்டையை உடைச்சா வேற எடத்துக்குப் போயிடும்னு அவர் வழி சொன்னார். உடைச்சாங்க, போயிடுச்சு. ஆனா ஓடுதளத்துக்கு இன்னிக்கும் பறவையோட பேருதான், வைட்அவேக் விமானதளம். எடத்தைப் பிடுங்கிக்கிட்டுப் பேரை மட்டும் வெக்கறது நம்ம ஊர்ல ஏரியை மூடி "லேக் வியூ" அபார்ட்மெண்ட் கட்டற அதே சமாச்சாரம்தான்.

அதே தீவுல இன்னொரு அதிசயம். உலகத்துல பெரும்பாலான பறவை வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே பருவத்துல முட்டை போடும். அசென்ஷன் சூட்டிகள் 9.6 மாசத்துக்கு ஒரு தடவை போடுது. கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு வருஷத்துல சரியா அஞ்சு தடவை. இந்த வருஷம் மார்ச்சுன்னா அடுத்தது டிசம்பர், அப்புறம் அக்டோபர்னு காலண்டர்ல பின்னாடியே நகர்ந்துக்கிட்டே இருக்கும். வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கற வெப்பக்கடல்ல அதுக்கு நம்ம ஜனவரியும் டிசம்பரும் எதுக்கு? இறகு உதிர்ந்து புதுசா முளைச்சு முடிஞ்சதும் அடுத்த முட்டைக்குத் தயார். அந்த 9.6 மாசம் கிட்டத்தட்ட பத்து நிலா மாசம். பத்து மாசம் சுமந்தேன்னு நம்ம அம்மாக்கள் சொல்ற அதே கணக்கு. தீவுல பூனைகள் பெருகி ஆலாக்களைத் தின்னு தீர்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுங்களை அகற்றி 2006-ல பூனை இல்லாத தீவுன்னு அறிவிச்சாங்க.

இன்னொரு ஆள், ஜான் வாட்சன். உளவியல் படிச்சவங்களுக்குத் தெரியும், நடத்தையியலோட பிதாமகர். பின்னாடி விளம்பரக் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதிச்சவர். அந்த மனுஷன் 1907-ல ஃப்ளோரிடாவுக்குத் தெற்கே ட்ரை டோர்ட்டுகாஸ் தீவுகள்ல சூட்டிகளையும் நாடி ஆலாக்களையும் பிடிச்சு, சாயம் தடவி அடையாளம் போட்டு, கப்பல்ல ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல வடக்கே கேப் ஹாட்டரஸுக்குக் கொண்டுபோய் விட்டார். சில நாள்ல கூட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்துச்சுங்க. பழக்கமே இல்லாத கடல்ல இருந்து எப்படி வழி தெரிஞ்சதுன்னு அவருக்குப் புரியல. நான் மணக்குடியில இருந்து வீட்டுக்கு வர கூகுள் மேப் போட்ட ஆளு.

நம்ம பக்கத்துலயும் வீடு உண்டு. லட்சத்தீவுல கவரத்தி பக்கத்துல பிட்டின்னு ஒரு துண்டு மணல் திட்டு, மரம் கெடையாது, ஆள் கெடையாது. ஆலாக்கள் கூடு கட்டற எடமாப் பறவைக்காரங்களுக்கு ரொம்ப நாளாப் பழக்கம். ஆலன் ஹ்யூம் (காங்கிரஸை ஆரம்பிச்ச அதே ஹ்யூம்தான், பறவைப் பைத்தியம்) 1875-ல லட்சத்தீவுகளுக்குக் கப்பல்ல போய்ப் பறவைகளைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். என் பெட்டிக்குள்ள இருந்தது லட்சத்தீவுலயா சீஷெல்ஸ்லயா பொறந்ததுன்னு கேட்டா, கால்ல வளையம் இல்ல. அவ்வளவுதான்.

பேரும் ஒரு கதை. லின்னேயஸ் 1766-ல "ஃபஸ்காட்டா"ன்னு பேர் வெச்சார், இருண்ட நிறம்னு அர்த்தம். ரொம்ப வருஷம் ஸ்டெர்னா பேரினத்துல இருந்துச்சு. 2005-ல மரபணு ஆய்வு வந்த பிறகு பிரைடில்டையும் சேர்த்து ஓனிகோப்ரியான்னு தனியா எடுத்து வெச்சுட்டாங்க. ஆக நான் குழப்பிக்கிட்ட ரெண்டும் சொந்தக்காரங்கதான். இதைப் படிச்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, பொய் சொல்லல.

ராத்திரி தெரிஞ்ச கால்நடை மருத்துவர் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டேன். சூடா, இருட்டா, சத்தமில்லாம வை, அடிக்கடி திறந்து பார்க்காதே, வாயில தண்ணி ஊத்தாதேன்னார். வனத்துறைக்கும் தகவல் சொன்னேன், தேறினா கடற்கரையிலயே விட்டுடச் சொன்னாங்க. நெத்திலியைச் சின்னதா நறுக்கி மூக்குக்கிட்ட காட்டினோம். ஒரு துண்டை வாங்கி முழுங்குச்சு. அம்மா அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாச்சு பார்த்து. ரெண்டாவது துண்டை வாங்கல. கையில எடுத்தப்ப நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி குத்துச்சு. ரெண்டு பக்கமும் சதையே இல்ல.

மூணு மணி வரைக்கும் உள்ள நகர்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நான் தூங்கிட்டேன்.

காலையில அம்மாதான் முதல்ல பார்த்தாங்க. என்னை எழுப்பல. அடுக்களைத் தராசுல எதையோ வெக்கற சத்தம் கேட்டு நானா எழுந்து வந்தேன்னு நெனச்சுக்காதீங்க, தராசுல வெச்சது நான்தான், அது பத்து மணிக்கு. 118 கிராம். 150-லிருந்து 240 வரைக்கும் இருக்கணும். ஸ்கேல் வெச்சு இறக்கையை மடக்கினபடி அளந்தேன், 29 சென்டிமீட்டர். பிரைடில்டுக்கு இவ்வளவு நீளம் வராது. எல்லாம் சூட்டிதான், எந்தப் பக்கம் பார்த்தாலும் சூட்டிதான். குழுவுல திருத்தம் போட்டேன்.

அந்தப் பெரியவர்கிட்ட தனியா கேட்டேன், தண்ணியில போடாம இருந்திருந்தா பொழைச்சிருக்குமா சார்னு. "இந்த மாதிரி ஒதுங்கறதுல பெரும்பாலும் பொழைக்காதுப்பா"ன்னார். இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. வளையம் போட்ட சூட்டிகள்ல முப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்ததும் உண்டு. இதுக்கு எத்தனை வயசுன்னு பார்த்துச் சொல்ல வழியில்ல. என்னைவிட மூத்ததாக்கூட இருந்திருக்கலாம்.

தென்னமரத்தடியில குழி தோண்டினேன். மழை விட்டிருந்தது. அம்மா அந்தக் கிழிச்ச வேட்டித் துண்டையே சுத்திக் கொடுத்தாங்க. சாயங்காலம் பெங்களூர் ரயில் ஏறிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போன்ல பேசும்போது அம்மா சொன்னாங்க, மீன்கார அக்கா வந்து கூடைய எறக்கினதும் முதல் கேள்வியே அதுதானாம்.

"மைனி, அந்தக் கடக்காக்கா பறந்துட்டா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"பறந்துட்டுன்னு சொன்னேன். அவ வீட்டுக்காரன் கடலுக்குப் போற நேரம். வேற என்னத்தச் சொல்ல?"